முகத்தைப் பார்த்தா வாக்களிக்கிறோம்?

எங்கள் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஜூலை மாதம் அவள் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் அறிவித்தார்கள். படிப்பிலும் பேச்சிலும் சோடை போகாதவள். எப்படியும் நிற்பாள் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "நான் நிக்கலை தாத்தா. என் ஃபிரெண்டு நிக்கறா. அவளுக்கு நான் ஸ்பீச் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றாள். "ஏம்மா, நீயே நின்னா என்ன?" என்றேன். "எனக்குப் பர்சனாலிட்டி இல்லை தாத்தா. நான் குட்டை, கறுப்பு. எனக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தயிர் சாதத்தைப் பிசையத் தொடங்கிவிட்டாள்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "அழகில் என்ன இருக்கிறது, குணம்தான் முக்கியம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மையா? கண்ணெதிரே தினமும் காண்பதை "இல்லை" என்று நான் சொன்னால், அடுத்த முறை என் பேச்சை அவள் எப்படி நம்புவாள்? டிப்ளமோ முடித்து, 38 ஆண்டுகள் ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அளந்து பார்க்காமல் 'பாதை சரி' என்று கையெழுத்துப் போடக்கூடாது என்பதுதான் அங்கே கற்ற முதல் பாடம். ஆகவே பதில் சொல்வதைச் சில வாரங்கள் தள்ளிப் போட்டுவிட்டு, அரசியலில் தோற்றத்துக்கும் கவர்ச்சிக்கும் உண்மையில் எவ்வளவு எடை என்று தேடிப் படித்தேன். படித்ததை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. இதே கேள்வி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் ஒருநாள் வரலாம் அல்லவா?

1. முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

'பர்சனாலிட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று பொருள்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். முதலாவது அழகு: நிறம், உயரம், முக லட்சணம். இரண்டாவது தோற்றத்தால் எழும் நம்பிக்கை: ஒருவரைப் பார்த்தவுடன் 'இவர் காரியம் சாதிப்பார்' என்று மனத்தில் தோன்றும் எண்ணம். மூன்றாவது ஈர்ப்பு: ஒருவர் பின்னால் மக்கள் தாமாகவே திரளும் அந்த ஆற்றல். ஆங்கிலத்தில் கரிஸ்மா என்பார்கள்.

இம்மூன்றும் ஒன்றல்ல. அழகானவர் எல்லோரும் காரியக்காரராகத் தோன்றுவதில்லை. காரியக்காரராகத் தோன்றுபவர் எல்லோர் பின்னாலும் கூட்டம் சேர்வதில்லை. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் பேத்தியைப் போன்ற பிள்ளைகள், முதலாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

2. ஒரு நொடியில் ஒரு தீர்ப்பு

2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் டோடரோவ் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 'சயின்ஸ்' என்ற அறிவியல் ஏட்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்ற வேட்பாளர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஜோடி ஜோடியாக மாணவர்களிடம் காட்டினார்கள். பெயர் இல்லை, கட்சி இல்லை, கொள்கை இல்லை. 'இவ்விருவரில் திறமைசாலி யார்?' என்பது மட்டுமே கேள்வி. முகத்தை முன்பே தெரிந்தவர்களின் பதில் கணக்கில் சேர்க்கப்படவில்லை. திறமைசாலி என்று பெரும்பான்மையோர் சொன்ன முகமே செனட் போட்டிகளில் 100-க்குச் சுமார் 70 இடங்களில் வென்றிருந்தது. படத்தை ஒரே ஒரு நொடி காட்டிக் கேட்டபோதும் முடிவு ஏறக்குறைய அதேதான்.

2009-இல் சுவிட்சர்லாந்திலிருந்து இதைவிட வேடிக்கையான ஓர் ஆய்வு வந்தது. ஜான் அன்டொனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் என்ற இருவர் 5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கணினியில் ஒரு கடற்பயண விளையாட்டு ஆடச் செய்தார்கள். பிறகு இரண்டு முகங்களைக் காட்டி, 'உன் கப்பலுக்கு யாரைக் கேப்டனாகப் போடுவாய்?' என்று கேட்டார்கள். அம்முகங்கள் 2002-இல் நடந்த பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதிக்கொண்ட வேட்பாளர்களுடையவை. பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் தேர்ந்தெடுத்த 'கேப்டன்'களும் பத்துக்கு ஏழு என்ற அளவில் தேர்தலில் வென்றவர்களாகவே இருந்தார்கள். நாற்பது வயது வாக்காளரும் எட்டு வயதுச் சிறுவனும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள் போலும்!

மெக்சிகோ, பிரேசில் நாடுகளின் வேட்பாளர் படங்களை அமெரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் காட்டி நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. யார் நல்ல பதவியாளராக இருப்பார் என்று கேட்டபோது இரு நாட்டவரின் தேர்வும் பெரும்பாலும் ஒத்திருந்தது. அந்தத் தேர்வு தேர்தல் முடிவோடும் நன்றாகவே பொருந்தியது.

ஆக, தோற்றத்துக்கு எடை உண்டு. பேத்தி கண்டது பொய்யல்ல. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. 70 என்பது எவ்வளவு?

எனினும், அளவுகோலைக் கையில் எடுத்தவன் அதன் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருவர் நிற்கும் போட்டியில் கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலே பாதி சரியாக வரும். ஆகவே இங்கே பூஜ்யம் என்பது 50. முகம் சேர்த்துக் கொடுப்பது 50-க்கு மேலே உள்ள 20. மீதி 30 இடங்களில் 'திறமை முகம்' தோற்றிருக்கிறது.

அந்த 20-ம் முழுக்க முகத்தின் வேலைதானா? சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது. வெல்லக்கூடிய தொகுதிக்குக் கட்சிகளே எடுப்பான ஆளைத் தேடி நிறுத்தியிருக்கலாம். ஏற்கெனவே பதவியில் உள்ளவர் நல்ல புகைப்படக்காரரிடம் நல்ல படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். இவற்றையும் கழித்தால் முகத்தின் பங்கு இன்னும் குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்சொன்ன ஆய்வுகளில் 'யார் அழகு?' என்று கேட்கவில்லை. 'யார் திறமைசாலி?', 'யார் கேப்டன்?' என்றே கேட்டார்கள். முன்பு நாம் பிரித்த மூன்றில் இது இரண்டாவது வகை.

4. 1960: தொலைக்காட்சியில் இரு முகங்கள்

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் சொல்லும் கதை கென்னடியும் நிக்சனும். 1960 செப்டம்பர் 26-ஆம் தேதி சிகாகோ நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ஏறக்குறைய 7 கோடிப் பேர் பார்த்தார்கள். கென்னடி வெயிலில் நிறம் ஏறிய முகத்தோடு, கருநிறக் கோட்டில் பளிச்சென்று நின்றார். நிக்சன் முழங்காலில் சீழ் வைத்து மருத்துவமனையில் கிடந்து, உடல் இளைத்து வந்திருந்தார். அவருடைய சாம்பல் நிறக் கோட்டு பின்னாலிருந்த திரையோடு கலந்துவிட்டது. முகத்தில் வியர்வை வழிந்தது. நவம்பரில் கென்னடி வென்றார்.

இதிலிருந்து 'முகம்தான் ஜெயித்தது' என்று ஒரு முடிவு எழுதப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றதாக நினைத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வானொலிக் கணக்கு மிகச் சிறிய கருத்துக் கணிப்பொன்றிலிருந்து வந்தது. அதன்மேல் இவ்வளவு பெரிய பாலம் கட்ட முடியாது.

வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்போம். பதிவானவை சுமார் 6.88 கோடி, இருவருக்கும் இடையே வித்தியாசம் சுமார் 1.13 லட்சம். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு வாக்குகூட இல்லை. இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் எதை வேண்டுமானாலும் காரணம் என்று சொல்லலாம். மார்ட்டின் லூதர் கிங் சிறையில் இருந்தபோது அவர் மனைவிக்குக் கென்னடி தொலைபேசியில் ஆறுதல் சொன்னதைச் சொல்லலாம்; டெக்சாஸ்காரரான ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டதையும் சொல்லலாம். முகமும் அவற்றில் ஒன்று.

கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதே நிக்சன் 1968-இல் அதிபர் ஆனார். 1972-இல் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். அந்த இரு தேர்தல்களிலும் அவர் தொலைக்காட்சி விவாதத்துக்கு வரவே மறுத்துவிட்டார் என்பது உண்மை. பட்ட காயம் ஆறவில்லை. ஆனால் முகம் அதே முகம்தான். மாறாத ஒன்றை வைத்து மாறிய ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியாது.

5. தோற்றம் எங்கே எடுபடும்?

ரயில் பாதையில் 'பாயிண்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு மெல்லிய நாக்குத் தண்டவாளம் சில அங்குலம் நகர்ந்தால் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள வண்டி வேறு பாதையில் திரும்பிவிடும். ஆனால் அந்தச் சில அங்குலத்துக்கு அந்த ஓரிடத்தில்தான் மதிப்பு. வேறிடத்தில் தண்டவாளத்தை எவ்வளவு தள்ளினாலும் வண்டி திரும்பாது. தேர்தலில் முகமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அது எடுபடும் இடங்கள் மூன்று.

முதலாவது, போட்டி மிக நெருக்கமாக இருக்கும்போது. இரண்டாவது, வேட்பாளரைப் பற்றி வேறொன்றும் தெரியாதபோது. தொலைக்காட்சி அதிகம் பார்த்து, அரசியல் விவரம் குறைவாகத் தெரிந்துகொள்பவர்களிடம்தான் எடுப்பான முகம் கூடுதலாக வாக்கு வாங்குகிறது என்று லென்ஸ், லாசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். மூன்றாவது, கட்சியோ கொள்கையோ இல்லாத தேர்தல்களில். பள்ளித் தேர்தலும், ஏன், நம் குடியிருப்புச் சங்கத் தேர்தல்களும் இந்த வகை!

நம் நாட்டில் 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்துவிட்டன. பெரும்பாலோர் சின்னத்துக்கும் தலைவருக்கும் வாக்களிப்பதால், தொகுதி வேட்பாளரின் முகம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரே பெயருள்ளவர்களால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க, 2015-லிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இடம்பெறுகிறது. வேட்பாளரைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் வாக்குச்சாவடிக்குப் போகிறவருக்கு அந்தப் படமே அறிமுகம் ஆகிவிடும். அப்படிப் போகாதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

6. நம் தலைவர்களைப் பார்ப்போம்

லால் பகதூர் சாஸ்திரியின் உயரம் சுமார் ஐந்தடி இரண்டு அங்குலம். மெல்லிய குரல். ரயில்வேக்காரர்களுக்கு அவரை மறக்க முடியாது. 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1964-இல் பிரதமரானபோது 'நேருவின் இடத்தில் இந்தச் சிறிய மனிதரா?' என்று நினைத்தவர்கள் உண்டு. 1965 போரின்போதும் உணவுப் பஞ்சத்தின்போதும் 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று அவர் சொன்னதும் நாடு எழுந்து நின்றது. வாரத்தில் ஒருவேளை உணவை விடுங்கள் என்றார்; குடும்பங்கள் விட்டன. அந்த ஈர்ப்பு அவருடைய உயரத்திலிருந்து வரவில்லை.

காமராசரைக் 'கறுப்புக் காந்தி' என்றே அழைத்தார்கள். உயர்நிலைப் படிப்பில்லை; மேடை அலங்காரப் பேச்சில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். பிறகு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்றவர். அவரே 1967-இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். முகம் மாறியதாலா? இல்லை. அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டமும் காற்றை மாற்றியிருந்தன. 1969-இல் நாகர்கோவிலில் அதே முகம் மீண்டும் வென்றது.

அந்த 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவும் குள்ளமான உருவம்தான். உடையில் அக்கறை இல்லாதவர். ஆனால் அவர் பேசுவதைக் கேட்க நள்ளிரவு வரை மக்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

'எம்.ஜி.ஆர். முகத்தால்தானே வந்தார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முகம் கதவைத் திறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1953-இல் கட்சியில் சேர்ந்தவர் முதலமைச்சரானது 1977-இல். இடையே 24 ஆண்டுகள் கட்சிப் பணி, ஊர்தோறும் ரசிகர் மன்றங்கள், ஏழைகளின் துணைவனாகவே நடித்த பாத்திரங்கள். 1984 தேர்தலின்போது அவர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்தபோது பேச்சே தெளிவாக இல்லை. அழகும் குரலும் போன பிறகும் ஈர்ப்பு போகவில்லை. ஆகவே ஈர்ப்பு அழகிலேயே குடியிருந்ததில்லை என்றாகிறது.

நடிப்பில் அவருக்குச் சளைக்காத சிவாஜி கணேசன் சொந்தக் கட்சி தொடங்கி 1989-இல் திருவையாற்றில் தோற்றார். ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். அதே ராமராவ் 1989-இல் ஆட்சியை இழந்தார். அதே மாநிலத்தில் சிரஞ்சீவியின் கட்சி 2009-இல் 294 இடங்களில் 18 மட்டுமே பெற்றது. எல்லோருமே மக்கள் மனம் கவர்ந்த முகங்கள். முடிவு மட்டும் வேறு வேறு. 1982-இல் தெலுங்கரின் சுயமரியாதை என்ற கோபம் காத்திருந்தது. ராமராவ் அதற்குக் குரல் ஆனார்.

7. ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

கரிஸ்மா என்ற சொல்லை அரசியல் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர். 1920-இல் மறைந்தவர். மக்கள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதற்கு மூன்று அடிப்படைகள் உண்டு என்றார். ஒன்று மரபு, இரண்டு சட்டம், மூன்று அந்த ஆளின் தனி ஆற்றலில் வைக்கும் நம்பிக்கை. இந்த மூன்றாவதுதான் கரிஸ்மா. அருட்கொடை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது.

அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்று உண்டு. இந்த ஆற்றல் தலைவரிடம் இருக்கிறது என்று பின்பற்றுபவர்கள் ஒப்புக்கொள்ளும் வரைதான் அது இருக்கும். தம் தலைவரால் தங்களுக்கு நன்மை இல்லை என்று கண்டால் அது கரைந்துவிடும். அதாவது, ஈர்ப்பு தலைவரின் முகத்தில் மட்டும் இருப்பதல்ல; பார்ப்பவர்களின் தேவையிலும் பாதி இருக்கிறது. காந்தியடிகளின் மெலிந்த உடலும் அரைவேட்டியும் லண்டன் கடைவீதியில் அழகல்ல. வறுமையில் வாடிய ஒரு நாட்டுக்கு அதுவே தன் உருவமாகத் தெரிந்தது.

இதில் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதியும் உண்டு. மார்கரெட் தாட்சர் 1970-களில் தம் கீச்சுக் குரலைத் தாழ்த்திப் பேசப் பயிற்சி எடுத்துக்கொண்டார். கப்பல் கேப்டன் ஆய்வு செய்த அதே அன்டொனாகிஸ், பின்னர் நிறுவன மேலாளர்களுக்குச் சில முறைகளைக் கற்பித்தார். உவமை சொல்வது, சிறு கதை சொல்வது, கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது, சொல்வதை மூன்று மூன்றாக அடுக்குவது போன்றவை. பயிற்சிக்குப் பிறகு அவர்களுடைய ஈர்ப்பு கூடியதாகவே கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். ஜெர்மனியின் ஏஞ்சலா மெர்க்கலுக்கு அந்த அலங்காரமும் இல்லை. இயற்பியல் படித்தவர், எளிய கோட்டு, நிதானமான பேச்சு. 2005 முதல் 2021 வரை 16 ஆண்டுகள் ஆட்சித் தலைவராக இருந்தார். பெண்களின் தோற்றத்தை உலகம் இருமடங்கு கண்ணால் எடைபோடும் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

8. வென்ற பிறகு

அமெரிக்காவில் 1920-இல் வாரன் ஹார்டிங் என்பவர் சுமார் 60 சதவீத வாக்குகள் பெற்று அதிபரானார். உயரம், வெள்ளி முடி, கம்பீரக் குரல்; அதிபர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் தோற்றம். அவருடைய நண்பர்கள் அவரை முன்னிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்சியோ அவர் நியமித்தவர்களின் எண்ணெய் வயல் ஊழலால் பெயர் கெட்டது. 1923-இல் பதவியிலேயே காலமானார்.

ஹார்டிங்கைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. நானும் ஒரு ஹார்டிங்கைத் தேர்ந்தெடுத்தவன்தான். வேலையில் சேர்ந்த புதிதில், மத்திய இந்தியாவில் ஒரு பிரிவில் இருந்தேன். கேங் மேட் ஒருவர் மூன்று மாத விடுப்பில் போனார். அந்த இடத்தில் தற்காலிகமாக யாரைப் போடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. இருவர் இருந்தார்கள். ஒருவர் ஆறடி உயரம், முறுக்கு மீசை, அதட்டும் குரல். மற்றவர் கீமேன், ஒல்லியான, திக்கித் திக்கிப் பேசுகிற மனிதர். தினமும் பாதையில் நடந்து சாவிகளைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மீசைக்காரரைப் போட்டேன்.

டிசம்பர் மாத விடியற்காலை. குளிரில் தண்டவாளம் சுருங்கி ஓரிடத்தில் முறிந்துவிட்டது. வண்டி வரும் நேரம். மீசைக்காரர் முறிவின் பக்கத்திலேயே நின்று மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். கீமேன் ஒன்றும் பேசாமல் கொடியையும் டெட்டனேட்டர்களையும் எடுத்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓடினார். 600 மீட்டரில் பேனர் கொடியை நட்டு, 1,200 மீட்டர் வரை ஓடி, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் பொருத்தினார். வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். கை நடுக்கத்தில் தீக்குச்சி நிற்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதிகாரி என்ற எண்ணத்தில் கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

வள்ளுவர் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், உருவத்தைப் பார்த்து யாரையும் இகழக்கூடாது என்பதற்குத் தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டுகிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் அச்சாணி கண்முன்னே நின்றபோது அடையாளம் தெரியவில்லை. தோற்றம் இடத்தைப் பிடித்துக் கொடுக்கும். வேலையைச் செய்து கொடுக்காது. ஒரு நொடியில் மனம் கொடுக்கும் தீர்ப்பு தவறாமல் வந்தே தீரும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை அளந்து பார்ப்பது நம் கடமை.

9. பேத்திக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. சுருக்கமாக மூன்று சொன்னேன். "முதல்ல, நீ சொன்னது பாதி உண்மைதான் கண்ணு, முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடறவங்க உண்டு. ரெண்டாவது, உன்னைத் தெரியாதவங்கதான் அப்படிப் போடுவாங்க. அதனால உன்னை அவங்களுக்குத் தெரியவை. மூணாவது, நிறத்தையும் உயரத்தையும் மாத்த முடியாது. பேசறதை மாத்தலாம்." அந்தக் கீமேன் கதையையும் சொன்னேன். கடைசியில் அவள், "நீங்க அவர்கிட்ட சாரி சொல்லவே இல்லையா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

மனுத்தாக்கலின் கடைசி நாளில் பெயர் கொடுத்தாள். தோழிக்கு உரை எழுதித் தரும் வேலையையும் விடவில்லை. தேர்தலில் தோற்றாள், 9 வாக்கு வித்தியாசம். வீட்டுக்கு வந்ததும் அழுதாள். அடுத்த நாள் காலையில், "பேப்பரைப் பார்த்தே படிச்சுட்டேன் தாத்தா. நிமிர்ந்தே பார்க்கலை. அடுத்த வருஷம் பார்த்துப் பேசணும்" என்றாள். குட்டை என்றோ கறுப்பு என்றோ சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. கடைசியாக நீங்கள் வாக்களித்த வேட்பாளரைப் பற்றி, அவருடைய முகம், கட்சி இரண்டையும் தவிர வேறு என்ன தெரியும்?

2. உங்களுக்குப் பிடித்த தலைவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது அழகா, திறமைத் தோற்றமா, ஈர்ப்பா?

3. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ நீங்கள் கவனிக்காமல் விட்ட 'அச்சாணி' யார்?

4. நம் வீட்டுப் பிள்ளைகளின் நிறத்தையும் உயரத்தையும் பற்றி, விளையாட்டாகவேனும், முதலில் பேசியது யார்?

நான்காவது கேள்வியை எங்கள் வீட்டில் நானே கேட்டுப் பார்த்தேன். "கறுப்புத் தங்கம்" என்று அவளை முதலில் கொஞ்சியவன் நான்தான்.